விர்ச்சுவல்பாக்ஸ்: பழைய பேஜ்மேக்கர் பைல்களைப் புதிய விண்டோசில் திறக்க நம்பி இறங்கலாமா?

கிளிநொச்சியில் சின்னதாக ஓர் அச்சகம் நடத்துகிறேன். கல்யாணக் கார்ட், கோயில் நோட்டீஸ், மரண அறிவித்தல், இறந்தவர் நினைவாக அந்தியேட்டிக் கிரியைக்கு அடிக்கிற கல்வெட்டு என்கிற சிறு புத்தகம், பள்ளிக்கூட மலர், பில் புத்தகம், இவைதான் எங்கள் பிழைப்பு. மீள்குடியேறி வந்து கடை தொடங்கிய நாளிலிருந்து பல வருசம் எல்லா வேலையையும் பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் மென்பொருளில், பாமினி என்ற தமிழ் எழுத்துருவில்தான் செய்தோம், அதுவும் விண்டோஸ் எக்ஸ்பி ஓடிய ஒரு பழைய பென்டியம் 4 மெசினில். அந்த மெசினின் மதர்போர்ட் போய், கடைக்கு விண்டோஸ் 11 மெசின் வந்ததும் பைல்கள் எல்லாம் கையில் இருந்தும் திறக்க வழியில்லாமல் போய்விட்டது. அதற்கு நான் பிடித்த வழி, புதிய மெசினுக்குள்ளேயே பழைய விண்டோசை ஓட்டுகிற விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருள். ஒரு வருசத்துக்கு மேலாக அதில்தான் பழைய வேலைகளைத் திறக்கிறோம், திருத்துகிறோம், அச்சுக்கு அனுப்புகிறோம். முடிவை முன்னுக்கே சொல்லிவிடுகிறேன்: 5க்கு 4. காசில்லாமல் கிடைக்கிறவற்றுள் எங்களைப் போன்ற கடைக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. ஒரு புள்ளி குறைந்தது, அச்சடிக்கிற இடத்தில் வருகிற இழுபறிக்காகவும் முதல்தரம் போடுகிறபோது புதியவரைக் குழப்பியடிக்கிற சில விசயங்களுக்காகவும்.

பழைய பைல் எதற்கு, புதிதாக அடித்துவிட்டால் போச்சு என்று கேட்பவர்கள் ஒருநாள் எங்கள் கடையில் வந்து இருந்து பார்க்கவேண்டும். வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கல் நெருங்கினால், தண்ணீர்ப் பந்தல் போடுகிற கழகக்காரர் போன வருச நோட்டீஸைக் கொண்டுவந்து, "அண்ணை, திகதியையும் தலைவற்ற பேரையும் மட்டும் மாத்தி விடுங்கோ" என்பார்கள். பங்குனியில் புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கலுக்கும் இதே கதைதான். அதையாவது திரும்ப அடித்துவிடலாம். கல்வெட்டை அப்படி அடிக்கமுடியாது. விசுவமடுவிலிருந்து வயதான ஓர் அம்மா வந்து, "தம்பி, எங்கட அம்மான்ர கல்வெட்டு உங்களிட்டத்தான் அடிச்சனாங்கள். ஒரு புத்தகமும் இப்ப கையில இல்லை, கனடாவில இருக்கிற தம்பியாக்கள் கேக்கினம்" என்று கேட்டார். அந்தப் புத்தகத்தில் தேவாரம், திருவாசகம், திருப்பொற்சுண்ணம் எல்லாம் வழக்கம்போல இருக்கும், அவற்றை எங்கேயும் எடுக்கலாம். ஆனால் நடுப்பக்கம் இரண்டையும் சேர்த்து நான்கு தலைமுறைக்கு வம்சாவளி போட்டிருந்தோம். அதை எழுதித் தந்த அவருடைய மாமனார் இப்போது உயிரோடு இல்லை. காணி உறுதி, பிறப்புப் பத்திரம், குடும்பப் படங்கள் என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்த சனம் நாங்கள். அப்படிப்பட்ட ஒரு குடும்பத்துக்கு அந்த இரண்டு பக்கம்தான் மிஞ்சிய ஆவணம். அது எங்கள் ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் திறக்க முடியாது என்று எந்த முகத்தோடு சொல்வது?

திருத்துகிற கடை ஒன்றில் கேட்டபோது, "அண்ணை, உது இனிச் சரிவராது, புது சொப்ட்வெயார் எடுத்து முதலிலயிருந்து அடியுங்கோ" என்றார்கள். இந்தப் பதிலைப் பலருக்குப் பல கடைகளிலும் சொல்லியிருப்பார்கள் என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். சரிவரும். ஏன் ஓடவில்லை என்பதை முதலில் விளங்கிக்கொண்டால் எதற்கு மினக்கெடலாம், எதை விட்டுவிடலாம் என்பதும் தெரிந்துவிடும்.

விண்டோஸ் 11, 2021 ஒக்டோபரில் வந்தது. அது 64 பிட்டில் மட்டும்தான் வருகிறது. 64 பிட் விண்டோஸ் 32 பிட் புரோகிராமை ஓட்டும், ஆனால் அதற்கும் முந்திய காலத்து 16 பிட் புரோகிராமை ஓட்டாது. விண்டோஸ் 10 வரைக்கும் 32 பிட் பதிப்பு ஒன்று இருந்தது, 16 பிட்டை ஓட்டுகிற பகுதி அதற்குள் இருந்தது, இப்போது அந்தக் கதவு மூடியாயிற்று. இதில் பலர் மாட்டுப்படுகிற இடம் செட்அப். 90களில் வந்த எத்தனையோ புரோகிராம்கள் தாங்கள் 32 பிட்டாக இருந்தாலும் அவற்றோடு வந்த செட்அப் பைல் 16 பிட். ஆகவே சிடியைப் போட்டு செட்அப்பை அழுத்தினால், இந்த ஆப் உங்கள் கணினியில் ஓடாது என்று ஒரு பெட்டி வரும், புரோகிராமே ஓடாது என்று நினைத்து சிடியை எறிந்துவிடுவார்கள்.

அடுத்தது எழுதுகிற இடம். பழைய புரோகிராம்கள் தங்கள் செட்டிங்ஸையும் சிலவேளை தரவுகளையும்கூட, தாங்கள் இருக்கிற போல்டருக்குள்ளேயே எழுதும். விஸ்டா வந்ததிலிருந்து, புரோகிராம் பைல்ஸ் போல்டருக்குள் சாதாரண பாவனையாளர் எழுதுவதற்கு விண்டோஸ் விடுவதில்லை. எழுத விட்டமாதிரிக் காட்டிவிட்டு, அந்தப் பைலைப் பாவனையாளரின் ஆப் டேட்டா போல்டருக்குள் விர்ச்சுவல் ஸ்டோர் என்ற இடத்தில் கொண்டுபோய் வைக்கும். புரோகிராம் ஓடும், ஆனால் இன்னொருவர் தன்னுடைய பெயரில் லொகின் பண்ணினால் நேற்றுப் பதிந்த கணக்கு ஒன்றும் அவருக்குத் தெரியாது. அரிசி ஆலைக் கணக்கு, சங்கக்கடை இருப்பு என்று விபி 6இல் (விஷுவல் பேசிக் 6) யாரோ எழுதிக் கொடுத்த புரோகிராம்களை வைத்திருப்பவர்கள், தரவு காணாமல் போய்விட்டது என்று பதறுவதற்கு முன் அந்த விர்ச்சுவல் ஸ்டோரைப் போய்ப் பாருங்கள். அந்தப் புரோகிராமை புரோகிராம் பைல்ஸில் போடாமல் சி டிரைவில் தனிப் போல்டர் ஒன்றில் போட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. புரோகிராமுக்குத் துணையாக வேண்டிய ஏதாவது ஓசிஎக்ஸ் பைல் இல்லை என்று கேட்டால், பழைய மெசினிலிருந்து அதை எடுத்து சிஸ்வாவ்64 போல்டரில் போட்டு ரெஜிஸ்டர் பண்ணவேண்டும். பெயரில் 64 இருந்தாலும் 32 பிட் பைல்களுக்கு உரிய போல்டர் அதுதான், சிஸ்டம்32 என்ற போல்டரில் இருப்பவை 64 பிட் பைல்கள். பெயரைப் பார்த்து மாறிப்போடுகிறவர்கள் நிறையப்பேர்.

இவ்வளவையும், வலது கிளிக் பண்ணினால் வருகிற கொம்பாட்டிபிலிட்டி பக்கத்தையும் முதலில் முயன்று பாருங்கள். சின்னப் புரோகிராம்களுக்கு அது போதும். பேஜ்மேக்கரின் கதை கொஞ்சம் வேறு. 1985இல் ஆல்டஸ் நிறுவனம் மக்கின்டோஷுக்காக வெளியிட்டது, 1994இல் அடோபி அந்த நிறுவனத்தை வாங்கியது, 2001இல் வந்த 7ஆம் பதிப்போடு புதிய பதிப்பு வருவது நின்றுவிட்டது. எக்ஸ்பியும் அதே 2001இல்தான் வந்தது. புதிய விண்டோசில் பேஜ்மேக்கரை நேரடியாகவே ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் மனமில்லை. நாளைக்குக் காலை மரண வீட்டு எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவுக்கு நோட்டீஸ் வேண்டும் என்று ஒரு வீட்டுக்காரர் வந்து நிற்கிறபோது, இன்றைக்கு ஓடுமோ ஓடாதோ என்று பார்த்துக்கொண்டிருக்க ஏலாது. எந்த விண்டோசின் காலத்தில் அந்தப் புரோகிராம் பிறந்ததோ அந்த விண்டோசிலேயே ஓட்டுவதுதான் நிம்மதி. அதற்குத்தான் விர்ச்சுவல்பாக்ஸ்.

இது உங்கள் கொம்பியூட்டருக்குள் இன்னொரு கொம்பியூட்டரை ஒரு பைலாக வைத்து ஓட்டுகிற மென்பொருள். ஜேர்மனியில் இன்னோடெக் என்ற நிறுவனம் 2007இல் இலவசமாக வெளியிட்டது, அடுத்த வருசம் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அந்த நிறுவனத்தை வாங்கியது, 2010இல் சன்னை ஆரக்கிள் வாங்கியபோது இதுவும் அவர்களிடம் போய்ச் சேர்ந்தது. இன்றைக்கும் இலவசம், திறந்த மூலம். விண்டோஸ் 11க்கு உள்ளே ஒரு ஜன்னல் திறக்கும், அதற்குள் எக்ஸ்பி முழுதாக எழும்பி வரும், பச்சைப் புல்வெளிப் படத்தோடு. எங்கள் கடைத் தம்பி எக்ஸ்பியைப் பாவித்தே இல்லாத வயது. பேஜ்மேக்கரை அவன் இதற்குள்தான் பழகினான்.

போடுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். டாஸ்க் மனேஜரைத் திறந்து, பெர்ஃபோமன்ஸ், பிறகு சிபியு என்று போனால் கீழே விர்ச்சுவலைசேஷன் எனேபிள்ட் என்று இருக்கவேண்டும். டிசேபிள்ட் என்றிருந்தால் மெசினை அணைத்துப் போட்டு, அது எழும்புகிறபோது பயோஸ் என்கிற அடிப்படை செட்டிங்ஸுக்குள் போய்த் திறந்துவிடவேண்டும், இன்டெல் சிப் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்ற மாதிரிப் பெயரில் இருக்கும். 2019 டிசம்பரில் வந்த 6.1ஆம் பதிப்பிலிருந்து இந்த வசதி இல்லாமல் விர்ச்சுவல்பாக்ஸ் ஓடவே ஓடாது. பாவித்த ஆபிஸ் மெசின்களை வாங்கி விற்கிற கடைகளில் எடுத்தவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள், மூடியிருந்தால் வருகிற எரர் ஆங்கிலத்தில் நீளமாக வந்து பயமுறுத்தும், ஆனால் செய்யவேண்டியது இந்த ஒரு சுவிட்சை மாற்றுவதுதான்.

இன்னொன்று பச்சை ஆமை. எக்ஸ்பி ஓடுகிற ஜன்னலின் கீழ்க்கரையில் சின்னச்சின்னப் படங்கள் வரிசையாக இருக்கும், அதில் பச்சை ஆமை ஒன்று தெரிந்தால் இதே வேலையைச் செய்கிற விண்டோசின் சொந்த வசதியான ஹைப்பர்-வி முன்னுக்கு நிற்கிறது, விர்ச்சுவல்பாக்ஸ் அதற்கு மேலே ஏறி மெதுவாக ஓடுகிறது என்று அர்த்தம். விண்டோஸ் 11இல் மெமரி இன்டெக்ரிட்டி என்கிற பாதுகாப்பு இயங்கினாலே இது வரும். அதை நிறுத்தினால் ஆமை போய்விடும் என்று எல்லா இடமும் எழுதியிருப்பார்கள். நான் நிறுத்தவில்லை. இணையத்தில் இருக்கிற மெசின், வட்ஸ்அப்பில் வாடிக்கையாளர் அனுப்புகிற பைல்களெல்லாம் திறக்கிற மெசின், அதன் காவலைக் குறைக்க எனக்கு விருப்பமில்லை. எக்ஸ்பி இலேசான விண்டோஸ், ஆமையோடும் பேஜ்மேக்கர் எங்கள் பழைய பென்டியத்தைவிட வேகமாகத்தான் ஓடுகிறது.

எக்ஸ்பிக்கு 512 எம்பி ரம் போதும், டிஸ்க் 10 ஜிபி என்று கொடுத்தால் தாராளம், அதுவும் பாவிக்கப் பாவிக்கத்தான் பைல் பெருக்கும், ஒரேயடியாக இடத்தைப் பிடிக்காது. புதிய மெசின்களில் சிடி டிரைவ் இல்லை என்பதால், டிரைவ் உள்ள யாருடைய மெசினிலாவது உங்கள் எக்ஸ்பி சிடியை ஐஎஸ்ஓ பைலாக, அதாவது முழுச் சிடியின் பிரதியாக, எடுத்து வையுங்கள். இணையத்தில் ரெடிமேட்டாகக் கிடைக்கிற எக்ஸ்பிகளைத் தொடவேண்டாம், உள்ளே என்ன வைரஸை வைத்துத் தைத்திருக்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது. உரிமம் பற்றியும் சொல்லவேண்டும்: மெசினோடு சேர்ந்து வந்த ஓஈஎம் எக்ஸ்பி அந்த மெசினுக்கு மட்டும் உரியது, பெட்டியாகக் காசு கொடுத்து வாங்கிய ரீட்டெயில் சிடி என்றால்தான் வேறு மெசினுக்கு மாற்றலாம். புது மெசின் உருவாக்குகிற இடத்தில், தானே எல்லாவற்றையும் நிறுவித் தருகிறேன் என்று விர்ச்சுவல்பாக்ஸ் கேட்கும், அதை வேண்டாம் என்று விட்டுவிட்டு நீங்களே கையால் நிறுவுங்கள், எக்ஸ்பிக்கு அதுதான் சிக்கலில்லாமல் முடியும்.

நிறுவி முடிந்த கையோடு செட்டிங்ஸில் நெட்வேர்க்கை நொட் அட்டாச்ட் என்று ஆக்கிவிடுங்கள். எக்ஸ்பிக்கு மைக்ரோசொப்டின் பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8ஓடு நின்றுவிட்டன. பேஜ்மேக்கருக்கு இணையம் ஒரு சதத்துக்கும் தேவையில்லை.

முதல்தரம் ஓட்டுகிற எல்லாரையும் திகைக்கவைக்கிற ஒன்று மவுஸ். எக்ஸ்பி ஜன்னலுக்குள் கிளிக் பண்ணினால் மவுஸ் உள்ளேயே அகப்பட்டுவிடும், வெளியே வராது. வலது பக்கத்துக் கன்ரோல் விசையை ஒருதரம் தட்டினால் வெளியே வரும். பிறகு டிவைசஸ் மெனுவில் கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற சிடியை உள்ளே போட்டு நிறுவினால் இந்தப் பிரச்சினையே இல்லை, மவுஸ் உள்ளேயும் வெளியேயும் தாராளமாகப் போய்வரும், ஜன்னலை இழுக்க இழுக்க எக்ஸ்பி திரையும் பெரிதாகும். அதைவிட முக்கியம் ஷெயார்ட் போல்டர். விண்டோஸ் 11இல் ஒரு போல்டரைக் காட்டிவிட்டால் அது எக்ஸ்பிக்குள் ஒரு டிரைவாக வந்து நிற்கும், நெட்வேர்க் இல்லாமலேயே வேலை செய்யும். எங்கள் பழைய வேலைகள் முழுவதும் அந்தப் போல்டரில்தான் இருக்கின்றன, எக்ஸ்பிக்குள் ஒரு பைலும் வைப்பதில்லை. எக்ஸ்பிக்கு ஏதும் நடந்தாலும் வேலைகள் வெளியே பத்திரமாக இருக்கும். வலது கன்ரோலையும் எல் விசையையும் சேர்த்து அழுத்தினால் எக்ஸ்பியின் டெஸ்க்டொப் மறைந்து பேஜ்மேக்கர் ஜன்னல் மட்டும் விண்டோஸ் 11இன் மற்ற ஜன்னல்களுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பழைய கல்வெட்டை ஒருபக்கம், வட்ஸ்அப்பில் வந்த புதிய விபரத்தை மற்றப்பக்கம் வைத்துக்கொண்டு வேலை செய்ய இது அருமை.

இனி எழுத்துக்கு வருகிறேன். விர்ச்சுவல்பாக்ஸ் புரோகிராமைத்தான் ஓட்டும், தமிழை அது பார்க்காது, அது எங்கள் பொறுப்பு. பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு. 'தமிழ்' என்று திரையில் தெரிகிற இடத்தில் உண்மையில் பைலுக்குள் கிடப்பது ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத மெசினில் திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும், அதைப் பார்த்து பைல் பழுதாகிவிட்டது என்று அழித்தவர்களை எனக்குத் தெரியும். ஆகவே பேஜ்மேக்கரைப் போடுவதற்கு முன்பே எக்ஸ்பிக்குள் உங்கள் பழைய எழுத்துருக்கள் அத்தனையையும் போட்டுவிடுங்கள்.

மறுபக்கமும் ஒரு சுவர் இருக்கிறது. இன்றைக்கு வாடிக்கையாளர் போனில் அடித்து அனுப்புவதெல்லாம் யூனிகோட், அதாவது ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறியீடு உள்ள பொது முறை. பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தெரியாது. விண்டோசில் தமிழ் யூனிகோடாக மட்டும்தான் இருக்கிறது, சில மொழிகளுக்கு உள்ளதுபோல யூனிகோடுக்கு முந்திய எழுத்துக் குறியீட்டு அட்டவணை (கோட் பேஜ்) ஒன்று தமிழுக்கு இல்லை. அதனால் யூனிகோட் தமிழை பேஜ்மேக்கரில் ஒட்டினால் கேள்விக்குறிகள்தான் வரிசையாக வந்து விழும். யூனிகோடை பாமினியாக மாற்றுகிற இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன, விண்டோஸ் 11 பக்கத்தில் அதில் மாற்றி, கிளிப்போர்டை இரு பக்கமும் திறந்துவிட்டு உள்ளே ஒட்டுகிறோம்.

பாமினியிலிருந்து யூனிகோடுக்குக் கொண்டுபோகிறபோதுதான் கவனம் வேண்டும், குறிப்பாகப் பெயர்களில். பாமினியில் ஔகாரத்துக்குத் தனி விசை இல்லை, ஒற்றைக்கொம்பு போட்டு, எழுத்துப் போட்டு, பிறகு ளகரத்தைப் போடுகிறோம். ஆகவே கௌரி என்று அடித்ததும் ககர எகரத்துக்குப் பின்னால் ளகரம் வருகிற ஒரு சொல்லை அடித்ததும் பைலுக்குள் ஒன்றேதான். எது எது என்று கருவி எப்படி அறியும்? கௌரியை மூன்று எழுத்தாகப் பிரித்து, பார்வைக்குச் சரிபோலத் தெரிகிற ஆனால் தேடினால் அகப்படாத ஒரு பெயராக எழுதிவைக்கும். சௌந்தரம், மௌனகுரு எல்லாவற்றுக்கும் இதேதான். ஆங்கிலத்தில் அடித்த ஈமெயில் முகவரிகளையும் முதலெழுத்துகளையும் கருவி தமிழென்று நினைத்து அர்த்தமில்லாத எழுத்துகளாக மாற்றிவிடும். விசுவமட்டு அம்மாவின் வம்சாவளிப் பக்கத்தை மாற்றியபோது தம்பியும் நானும் ஒருவர் வாசிக்க மற்றவர் பார்க்க, ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தோம். அந்த வேலைக்கு எந்தச் சொப்ட்வெயாரும் இல்லை, கண்தான். பிறகு அதை பிடிஎஃப் ஆக்கிக் கனடாவுக்கு அனுப்பினார்கள்.

நான் ஒரு புள்ளியைக் குறைத்த இடம் அச்சு. கடையில் இருக்கிற புதிய பிரின்டருக்கு எக்ஸ்பியில் போட டிரைவர் இல்லை, பிரின்டரை யுஎஸ்பி வழியாக எக்ஸ்பிக்குள் கொடுத்தாலும் பிரயோசனமில்லை. ஆகவே நேராக அச்சடிக்கிற எண்ணத்தை விட்டுவிடுங்கள். எக்ஸ்பியோடு வருகிற டிரைவர்களில் ஒரு போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரின்டரைச் சேர்த்து, அதன் போர்ட்டை பைல் என்று வையுங்கள். பேஜ்மேக்கரில் பிரின்ட் கொடுத்தால் காகிதத்துக்குப் பதிலாக ஒரு பிஎஸ் பைல் வரும், அதை ஷெயார்ட் போல்டரில் இறக்கி, விண்டோஸ் 11 பக்கத்தில் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருள் மூலம் பிடிஎஃப் ஆக்குகிறோம். அடோபியின் டிஸ்டிலர் வைத்திருப்பவர்கள் எக்ஸ்பிக்கு உள்ளேயே பிடிஎஃப் எடுக்கலாம். யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ பிளேட் அடிக்க அனுப்புவதென்றால், பிடிஎஃப்பை அடோபி ரீடரில் திறந்து, கன்ரோல் டி அழுத்தி, பொன்ட்ஸ் பக்கத்தில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் எம்பெடட் (பைலுக்குள்ளேயே சேர்ந்திருக்கிறது) என்று இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இல்லாவிட்டால் அங்கே போய் அரைப்புள்ளிகளாக அச்சாகும். பழகினால் இது கையோடு வந்துவிடும், ஆனால் அவசர வேலை நேரத்தில் இத்தனை படி ஏறி இறங்குவது சலிப்புத்தான்.

கரண்ட் பற்றி வன்னியில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். மாரி மழை தொடங்கினால் எந்நேரம் கரண்ட் போகும் என்று தெரியாது. எக்ஸ்பி உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறபோது வெளி மெசின் பட்டென்று அணைந்தால், உள்ளே இருப்பதற்கும் பிளக்கை இழுத்த மாதிரித்தான். யுபிஎஸ் ஒன்று கட்டாயம். அது கத்தத் தொடங்கினால் எக்ஸ்பி ஜன்னலை மூடுங்கள், சேவ் த மெசின் ஸ்டேட் என்பதைத் தெரிவுசெய்தால் இருக்கிற இருப்பிலேயே உறைந்து நிற்கும், கரண்ட் வந்து திறந்தால் பேஜ்மேக்கரில் அதே பக்கம் அப்படியே இருக்கும். இந்த ஒரு வசதி பழைய உண்மையான மெசினில்கூட எங்களுக்கு இருக்கவில்லை. எல்லாம் நிறுவி முடிந்து, எழுத்துரு போட்டு, ஒரு பைலைத் திறந்து பார்த்துத் திருப்தியானதும் எக்ஸ்பியை முழுதாக ஷட்டவுன் பண்ணி அந்த மெசினின் போல்டரை அப்படியே வெளி டிஸ்க்கில் கொப்பி எடுங்கள். பென்ரைவில் எடுப்பதென்றால் அதை எக்ஸ்ஃபட் ஆக ஃபோர்மட் பண்ணியிருக்கவேண்டும், பழைய ஃபட்32 பென்ரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைப் பைலை ஏற்காது, டிஸ்க் பைல் அதைத் தாண்டிவிடும். பிறகு விண்டோஸ் 11 மெசினே மாறினாலும் அந்தப் போல்டரைக் கொண்டுபோய் வைத்தால் போதும்.

எக்ஸ்டென்ஷன் பேக் என்று ஒன்றையும் விர்ச்சுவல்பாக்ஸ் தளத்தில் காட்டுவார்கள். விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம்தான், ஆனால் அந்தப் பேக் சொந்தப் பாவனைக்கும் படிப்புக்கும் மட்டுமே இலவசம், வியாபாரத்துக்குக் காசு கட்டவேண்டும். பேஜ்மேக்கருக்கு அது தேவையே இல்லை, கடைக்காரர் அதைப் போடாமல் விடுங்கள்.

வேறு வழிகளையும் பார்த்தேன். விஎம்வேர் வேர்க்ஸ்டேஷன் புரோ 2024 நவம்பரிலிருந்து வியாபாரத்துக்கும் இலவசம், நல்ல சாமான், ஏற்கெனவே அதில் பழகியவர்கள் அதிலேயே இருக்கலாம். விண்டோசுக்கு முந்திய டோஸ் காலத்துப் புரோகிராம் ஒன்றுக்காக மட்டும் என்றால் இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, டோஸ்பாக்ஸ் போதும். அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன், சிஎஸ்6 பதிப்பு வரைக்கும் பேஜ்மேக்கர் 6, 7 பைல்களைத் திறக்கும், அதற்குப் பிறகு வந்த சிசி பதிப்புகள் திறக்காது, ஆகவே சிஎஸ்6 உரிமத்தோடு கையில் வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய சொத்து. லிப்ரே ஆபிஸின் டிராவும் பேஜ்மேக்கர் பைலைத் திறக்கிறது, பக்க அமைப்புக் குலைந்து வந்தாலும் உள்ளே இருக்கிற எழுத்தை மட்டும் எடுக்கவேண்டிய ஒருவருக்கு அது போதும், எக்ஸ்பியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். முழுப் பக்கமும் அப்படியே, கோடு பூவேலை எல்லாவற்றோடும் வேண்டும் என்பவர்களுக்குத்தான் விர்ச்சுவல்பாக்ஸ்.

புதிய வேலையை இதற்குள் தொடங்காதீர்கள் என்றும் சொல்வேன். எங்கள் கடையில் புதிதாக வருகிற எதையும் இப்போது யூனிகோடில்தான் செய்கிறோம், ஒவ்வொரு பழைய பைலையும் யாராவது கேட்டு வருகிறபோது திறந்து, பிடிஎஃப் ஒன்றும் யூனிகோட் எழுத்து ஒன்றும் எடுத்துப் பக்கத்தில் வைக்கிறோம்.

பழைய மெசின் செத்துவிட்டது என்று இரும்புக்குப் போடக் காத்திருப்பவர்கள், முதலில் அதன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுங்கள். மதர்போர்ட் போனாலும் டிஸ்க் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அகலமான பட்டிக் கேபிள் போகிற பழைய ஐடிஈ டிஸ்க்குக்கும் யுஎஸ்பிக்கு மாற்றுகிற அடப்டர் கிடைக்கிறது, டிஸ்க்குக்குத் தனியாகக் கரண்ட் கொடுக்கிற பவர் பக்கோடு வருவதாகப் பார்த்து வாங்குங்கள். வேலைப் பைல்களை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்தவேண்டாம், விண்டோஸ் போல்டருக்குள் இருக்கிற பொன்ட்ஸ் போல்டரையும் முழுதாகக் கொப்பி பண்ணுங்கள், பாமினி என்ற பெயரிலேயே ஒன்றுக்கொன்று சின்னச் சின்ன வித்தியாசத்தோடு பல எழுத்துருக்கள் உலாவுகின்றன, உங்கள் பைலுக்குச் சரியானது உங்கள் பழைய டிஸ்க்கில்தான் இருக்கும்.